எட்டாம் மாதத்துப் பண்டிகை

எங்கள் ராஜாவுக்கு ஜனங்களின் கால்கள் மீது அப்படி ஓர் அக்கறை. அரண்மனைக்கும் கோட்டைக்கும் கல் சுமந்தபோது அந்தக் கால்கள் தேய்ந்ததை அவர் கவனிக்கவில்லை, அது வேறு விஷயம். பண்டிகைக்கு எல்லை தாண்டி, யூதா ராஜாவின் எருசலேமில் இருக்கிற ஆண்டவரின் கோயில் வரை நடந்து போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும்தான் அவருக்கு மனசு பொறுக்கவில்லை. உடனே இரண்டு தங்கக் கன்றுக்குட்டிகளைச் செய்வித்தார். ஒன்றை வடகோடியில் தாண் பட்டணத்தில் நிறுத்தினார். இன்னொன்றைப் பெத்தேலில், எருசலேம் போகிற சாலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். "இனி நீங்கள் கால் தேய நடக்க வேண்டாம். சாமி இங்கேயே வந்துவிட்டார்" என்று அறிவித்தார்.

பெத்தேலிலிருந்து எருசலேமுக்கு அரை நாள் நடை. மூன்று நாள் நடந்து பெத்தேலுக்கு வருகிறவனுக்குக் கால் வலிக்காது, அதற்கு மேல் அரை நாள் நடந்தால் மட்டும் வலிக்கும். இது எப்படி என்று கேட்ட இரண்டு பேர் இப்போது கல்குவாரியில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மல்லூக்கும் கேட்கவில்லை. அவன் எப்பிராயீம் மலைநாட்டில் கொஞ்சம் ஒலிவமரமும் கொஞ்சம் வாற்கோதுமையும் வைத்துப் பிழைக்கிற சாதாரண ஆள். அவன் வீட்டில் இருந்த கவலை வேறு. அவன் மனைவி மில்க்காளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. நான்காவதைச் சுமந்தபோது அவள் தெற்கே எருசலேம் இருக்கும் திசை பார்த்து அழுது ஒரு பொருத்தனை செய்தாள். 'ஆண்டவரே, இது தங்கினால், இதன் சொந்தக் காலாலேயே உம்முடைய வீட்டுக்கு நடத்திக்கொண்டு வருகிறேன். ஓர் ஆட்டுக்குட்டியும் தருகிறேன்.' பெண் குழந்தை பிறந்தது. சேராள் என்று பெயர் வைத்தார்கள். தங்கியது, வளர்ந்தது, மூன்று வயதில் ஊரையே ஓடிச் சுற்றியது. இனியும் தள்ளிப்போட்டால் ஆண்டவர் என்ன நினைப்பார் என்று மில்க்காளுக்குப் பயம் வந்துவிட்டது.

ஏழாம் மாதம் கூடாரப் பண்டிகைக்கு மூன்று பேரும் ஓர் ஆட்டுக்குட்டியும் கிளம்பினார்கள். இரண்டாம் நாள் காலை பெத்தேல் வந்தது. சாலையோரத்தில் மேடை கட்டி, மேடையின் மேல் வெயிலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது அது.

"அப்பா, கன்னுக்குட்டி!" என்று கத்தினாள் சேராள்.

"ஆமா கண்ணு, கன்னுக்குட்டிதான். நம்ம செவலை போட்ட கன்னு மாதிரியே இருக்குல்ல?" என்று சிரித்தான் மல்லூக்.

அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

"யாருய்யா அது, சாமியைக் கன்னுக்குட்டிங்கறது?" என்று அதட்டிக்கொண்டு வெள்ளை அங்கி போட்ட ஒருவன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். கிட்டே வந்ததும் மல்லூக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் ஊர்க்காரன் பெக்கேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடு திருடி அகப்பட்டு, ஊரே சேர்ந்து அடித்துத் துரத்தின பெக்கேர்.

"ஏய், நீ ஆட்டுக்கார... ஆட்டுத் திருடன் பெக்கேர்தானே?"

"மெதுவா பேசுண்ணே. இப்ப நான் குரு."

"நீ குருவா? குரு வேலைக்குன்னு ஒரு கோத்திரமே இருந்துச்சேடா. லேவிக்காரங்க எல்லாம் எங்க?"

"அவங்க இது சரியா, அது முறையான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். வேலை ஓடல. மூட்டை கட்டிக்கிட்டு யூதாவுக்குப் போயிட்டாங்க. இப்ப யாரு வேணா குரு ஆகலாம். ஒரு காளை, ஏழு ஆட்டுக்கடா. கொண்டாந்து கட்டினா அன்னைக்கே அங்கி."

"உனக்கு ஏழு கடா எங்கருந்து வந்துச்சு?"

பெக்கேர் கொஞ்சமும் கூசவில்லை. "அதுல ரெண்டு உன்னோடதுதாண்ணே. கவலைப்படாத, உனக்கும் அதுல புண்ணியம் உண்டு."

மில்க்காளுக்கு வாயை அடக்க முடியவில்லை. "அந்த ரெண்டு கடா போச்சுன்னு நான் மூணு நாள் சோறு திங்கலடா, பாவி!" என்றாள். குருவைப் பாவி என்றதற்கு அவள் மீதும் ஒரு குற்றம் சேர்ந்தது. எல்லோரையும் சக்கூரிடம் கூட்டிப்போனார்கள்.

சக்கூர் பெத்தேலின் தலைமைக் குரு. அதற்கு முன் கோட்டைச் சுவர் வேலைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி. ஆள் பிடித்துப் பழகின கண்ணால் மல்லூக்கை மேலும் கீழும் பார்த்தார். நல்ல தோள், உறுதியான கால். திருப்தியோடு உட்கார்ந்தார்.

"எதுக்குய்யா வந்தே?"

"பண்டிகைக்குங்க. எருசலேம் போறோம். சம்சாரத்தோட பொருத்தனை ஒண்ணு இருக்கு."

"இது என்ன மாசம்?"

"ஏழாம் மாசம்ங்க."

"யாரு சொன்னது?"

"நிலா பார்த்துத்தாங்க எண்ணினோம்."

"யாரு யாரு பார்த்தீங்க?"

"ஊரே பார்த்துச்சுங்க."

"ஊரே பார்த்தா அது கூட்டம். கூட்டம் கூடினா கலகம். நல்லவேளை என்கிட்ட சொன்னே, வேற யாருகிட்டயும் சொல்லாத." சக்கூர் தாடியை நீவிக்கொண்டார். "தெரிஞ்சுக்கோ. பண்டிகையை ராஜா எட்டாம் மாசத்துக்கு மாத்திட்டார். சொந்தமா யோசிச்சு, தன் மனசுல இருந்தே மாத்தினார், யாரையும் கேக்கல. பண்டிகை போயிட்டா அப்புறம் ஏழாம் மாசத்துல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததுக்கு நம்பர் எதுக்கு? இனிமே அதுக்குப் பேரு காத்திருப்பு மாசம். நீ இல்லாத மாசத்துல இல்லாத பண்டிகைக்கு வந்திருக்கே. பெரிய குத்தம்."

மல்லூக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, பண்டிகை எந்த மாசம் வேணா இருக்கட்டும். பொருத்தனையை மட்டும் முடிச்சுட்டு நாளைக்கே திரும்பிடறோம். அரை நாள் நடைதானே?"

"அரை நாள்தான். அதுதான்யா ஆபத்து." சக்கூரின் குரல் தழுதழுத்தது. "நீ அங்க போவே. அந்தக் கோயிலைப் பாப்பே. உன் மனசு நெகிழும். நெகிழ்ந்த மனசு அந்த ஊரு ராஜா பக்கம் சாயும். நீ சாஞ்சா உன் ஊரு சாயும், எல்லாரும் சாஞ்சா நம்ம ராஜா கதி என்ன? அவரைக் கொன்னுபோடுவீங்க! ஒரு மனுசனோட உசுரையும் நாற்காலியையும் காப்பாத்த வேண்டி, ஆண்டவரையே இடம் மாத்தி வெச்சிருக்கோம். உலகத்துல எந்த தேசத்துலயாவது இவ்வளவு பக்தி உண்டா? சொல்லு!"

உண்டா என்று மல்லூக்குக்குத் தெரியவில்லை. இல்லை என்று தலையாட்டி வைத்தான். அந்தத் தலையாட்டலைச் சக்கூர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

தீர்ப்பு இரக்கமாகத்தான் இருந்தது. மல்லூக் அடுத்த மாதப் பண்டிகை வரை பெத்தேலில் தங்க வேண்டும். ஒழுங்காகக் கும்பிட்டால், அதன் பிறகு எல்லை தாண்ட அனுமதி பற்றி யோசிக்கப்படும். பெண்ணும் குழந்தையும் ஊருக்குத் திரும்பலாம். ஆட்டுக்குட்டி காவலில் இருக்கும்.

மில்க்காள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலையில் நின்றாள். வீட்டில் பால் கறக்க ஆள் இல்லை, அவள் போய்த்தான் ஆக வேண்டும்.

"என்னங்க, அனுமதியை வாங்கிட்டு ஆளனுப்புங்க. அன்னைக்கே இவளைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"ஒரு மாசம்தானே மில்க்கா. வாங்கிடுவேன்."

"பொருத்தனை ஆண்டவருக்கு. கன்னுக்குட்டிக்கு இல்ல. ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தான் மல்லூக். அப்போது அவனுக்கு நன்றாகத்தான் தெரிந்திருந்தது.

எட்டாம் மாதம் வந்தது, கூடவே மழையும் வந்தது. எங்கள் பக்கத்தில் எட்டாம் மாதம் மழை பிடிக்கும், நிலத்தை உழுது விதைக்க வேண்டிய காலம் அது என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ராஜாவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் மாதம் அவருடைய யோசனை, மழை அவருடைய யோசனை இல்லை. ஜனங்கள் ஏரைப் போட்டுவிட்டு வந்து இலைக் கூடாரங்களில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். கூரையாகப் போட்டிருந்த ஒலிவக் கிளைகளுக்கு நடுவே தண்ணீர் கொட்டியது. காணிக்கை அத்திப்பழத்தில் பூஞ்சை பூத்தது. பாதிப் பேருக்குச் சளி, மீதிப் பேருக்குக் காய்ச்சல்.

ராஜாவே பலிபீடத்தில் ஏறித் தூபம் போட்டார். மழையில் நெருப்பு அணைந்தது. மறுபடி மூட்டினார்கள், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை அணைந்தபோது சக்கூர் முன்னால் வந்து, "ராஜாவின் முகத்துக்கு முன்னால் எரியக் கூசி நெருப்பு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது!" என்று அறிவித்தார். நனைந்துகொண்டிருந்த ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டினால் கொஞ்சம் சூடு வந்தது.

அங்கேதான் மல்லூக் முதல் தடவையாக உதவி செய்தான். பெக்கேர் ஓர் ஆட்டை அறுத்துப் போட்டுவிட்டு, வயிற்றுக்குள் கையை விட்டபடி விழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பீடத்துல வைக்க வேண்டிய கொழுப்பு எதுண்ணே? இதுவா?"

"அது ஈரல்டா."

"இது?"

"ஐயோ, தள்ளு. அது குடலுடா, பிச்சு நாறடிச்சுடாத." வருஷா வருஷம் எருசலேமில் லேவியர் கை வேலையைப் பார்த்தவன் அவன். கண்ணெதிரே ஓர் உயிர் வீணாவதைச் சகிக்க முடியவில்லை. தானே கையை விட்டுக் கொழுப்பைப் பிரித்துக் கொடுத்தான். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது ஆடுகளுக்கு அவன் கொழுப்பு பிரித்துக் கொடுத்திருந்தான்.

பண்டிகை முடிந்து அனுமதி கேட்கப் போனபோது சக்கூர் எழுந்து நின்று வரவேற்றார். "வாய்யா! ஈரலுக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒரே ஆள் இந்த ஊர்ல நீதானாமே!"

"அனுமதிங்க..."

"அதான் சொல்ல வர்றேன். சாதாரண ஜனங்க எல்லை தாண்ட முடியாது. குருக்கள் தாண்டலாம். தூபச் சாமான் வாங்க அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கு பாரு. நீ குரு ஆயிடு. அங்கியைப் போட்டுக்கிட்டு உன் சம்சாரம், குழந்தையோட ராஜா மாதிரி நடந்து போ. யாரு கேக்கப் போறா?"

"காளைக்கும் ஏழு கடாவுக்கும் நான் எங்க போவேங்க?"

"காளை குடுத்ததா வெச்சுக்கறேன். கடாவுக்கு உன் ஆட்டுக்குட்டி இருக்கே!"

"அது ஒண்ணுதாங்களே?"

"ஏழு தடவை என் முன்னாடி ஓட்டு."

மல்லூக் ஓட்டினான். பெக்கேர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். நான்காவது சுற்றில் ஆட்டுக்குட்டி மல்லூக்கின் காலோடு ஒட்டி நின்று முகத்தைப் பார்த்தது, தள்ளித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஏழாவது கடா உள்ளே வந்ததும் ஏழையும் சேர்த்து அறுத்துச் சாப்பிட்டார்கள். மல்லூக் சாப்பிடவில்லை. அது மில்க்காளின் ஆட்டுக்குட்டி. 'போகட்டும், வேறு குட்டி கொண்டுவரலாம், வழி திறந்ததே பெரிசு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் அங்கி கொடுத்தார்கள். கூடவே வேலையும் கொடுத்தார்கள். எருசலேம் சாலையில் நின்று, போகிறவர்களைத் தடுத்துத் திருப்புகிற வேலை.

"ஐயா, நான் போகத்தாங்க குரு ஆனேன்!"

"தெரியும்யா. போகணும்னு தவிச்சவனுக்குத்தான் போறவனோட முகம் தெரியும். பெக்கேருக்கு அது வராது. அவனுக்கு எங்கயும் போகணும்னு தோணினதே இல்ல."

"அப்ப நான் எப்பதாங்க போறது?"

"வேலை இல்லாத நாள்ல தாராளமா போ. இந்தச் சாலையில ஜனங்க வராத நாள் எதுன்னு பாரு, அன்னைக்கு உனக்கு வேலை இல்ல."

ஜனங்கள் வராத நாளே இல்லை. அத்தனை பேர் இன்னும் எருசலேமை நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதல் வாரம் அவன் யாரையும் தடுக்கவில்லை. ஒரு குயவனும் மனைவியும் வந்தார்கள். கண்ணைக் காட்டி, ஆட்டுத்தடம் வழியாக இறங்கிப் போகச் சொன்னான். தடத்தின் மறுமுனையில் பெக்கேர் உட்கார்ந்திருந்தான். குயவனைக் கல்குவாரிக்கு அனுப்பினார்கள். அவன் மனைவி மல்லூக்குக்கு முன்னால் வந்து நின்று, "நல்லவன் மாதிரி வழி காட்டினியேடா!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அதற்குப் பிறகு மல்லூக் எல்லோரையும் தடுத்தான். கல்குவாரிக்குப் போகாமல் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டான். அது பொய்யும் இல்லை.

தடுக்க ஒரு வாசகம் கொடுத்திருந்தார்கள். "ஏன் கால் தேய நடக்கறீங்க? சாமி இங்க பக்கத்துலதான் இருக்கு." முதலில் தரையைப் பார்த்து முணுமுணுத்தான். குளிர்காலம் முடிவதற்குள் நிமிர்ந்து சொன்னான். வாற்கோதுமை அறுக்கிற காலத்தில் அதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்கே முழங்கால் வலித்தது.

ஊருக்குப் போகவும் விடவில்லை. வழிப்போக்கர்களிடம் மில்க்காளுக்குச் சொல்லியனுப்பினான். 'அங்கி போட்டவங்க எல்லை தாண்டலாமாம். கொஞ்சம் பொறு, கிட்ட வந்துட்டேன்.' தினமும் காலையில் தெற்கே திரும்பி வேண்டிக்கொள்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. ஆனால் வருகிறவர்கள் வடக்கேயிருந்து வருகிறார்கள், வடக்கே பார்த்தபடிதான் நிற்க வேண்டும். இரண்டு நாள் திரும்பி வேண்டினான். இரண்டு நாளும் யாரோ நழுவிவிட்டார்கள், திட்டு விழுந்தது. மூன்றாம் நாளிலிருந்து நின்ற வாக்கிலேயே, எருசலேமுக்கு முதுகைக் காட்டி வேண்டினான். கொஞ்ச நாளில் வேண்டுவது நின்றுபோனது. எந்த நாளில் நின்றது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

கோடையில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து தூள் கொட்ட ஆரம்பித்தது. மல்லூக் விரலில் எடுத்துப் பார்த்தான். "மரத்தூள்டா பெக்கேர். உள்ள மரம், மேலதான் தகடு. வண்டு அரிக்குது." சக்கூர் அன்றைக்கே அதற்கு அருள்தூள் என்று பெயர் வைத்து, காய்ச்சல் கண்டவர்களின் நெற்றியில் பூச உத்தரவிட்டார். பூசுகிற வேலையும் மல்லூக்குக்கே வந்தது. பூசினதில் சிலருக்குக் காய்ச்சல் விட்டது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று அவனும் தலைவலி வந்தபோது ஒரு சிட்டிகை பூசிக்கொண்டான்.

அப்படியே வருஷம் திரும்பியது. காத்திருப்பு மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறுகிற நேரம், ஒரு பெண் குழந்தையை நடத்திக்கொண்டு ஆட்டுக்குட்டியோடு வந்தாள். மல்லூக் கையைத் தூக்கினான்.

"நில்லும்மா. ஏன் கால் தேய நடக்கறீங்க? சாமி இங்க பக்கத்துலதான் இருக்கு. பண்டிகை அடுத்த மாசம்தான்."

அந்தப் பெண் முக்காட்டை விலக்கினாள்.

"என்னங்க... நான்தாங்க."

மல்லூக்கின் கை தானாகக் கீழே இறங்கவில்லை, அவள்தான் பிடித்து இறக்கினாள். மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். "ஒரு மாசம்னீங்க. வருஷமாச்சு. வேற குட்டி கொண்டாந்திருக்கேன். அங்கி போட்டவங்க எல்லை தாண்டலாம்னு நீங்கதானே சொல்லியனுப்பினீங்க? வாங்க, போலாம். சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துடலாம்."

"போக முடியாது மில்க்கா."

"ஏன்? யாரு தடுக்கறா?"

மல்லூக் வாயைத் திறந்தான். சொல்ல ஒரு பெயர்தான் இருந்தது. மூடிக்கொண்டான்.

மில்க்காள் அவன் அங்கியைப் பார்த்தாள். அவன் விரல் நுனியில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தாள். "என்னங்க, இது என்ன மாசம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"காத்திருப்பு மாசம்" என்றான் அவன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "ஏழாம் மாசம்ங்க. இவ பொறந்த மாசம். அதுகூடவா மறந்துபோச்சு?"

பேச்சுச் சத்தம் கேட்டு மேடையிலிருந்து சக்கூரும் பெக்கேரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சேராள் அம்மாவின் கையை உதறிக்கொண்டு குதித்தாள்.

"அம்மா, அம்மா! அங்க பாரு, கன்னுக்கு..."

மல்லூக்கின் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது. அவன் தன் பிள்ளையை ஒரு வருஷத்துக்குப் பிறகு தொட்டது அப்படித்தான்.

"அப்படிச் சொல்லாத கண்ணு. சாமின்னு சொல்லு. சொல்லு, தாயி, கெஞ்சிக் கேக்கறேன். சாமி."

குழந்தை மிரண்டு அம்மாவைப் பார்த்தது. பக்கத்தில் வந்து நின்றுவிட்ட சக்கூர், ஒரு குறையும் இல்லாதவர்போலச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"சாமி" என்றாள் சேராள்.

"நல்ல பிள்ளை! முத்தம் குடுக்கச் சொல்லுய்யா" என்றார் சக்கூர்.

கன்றுக்குட்டியின் முழங்காலுக்கு முத்தம் கொடுப்பது பெத்தேலில் வழக்கம். அத்தனை வாய் பட்டு அந்த இடத்தில் தகடு தேய்ந்து மரம் தெரிந்தது. சேராளுக்கு அது எட்டவில்லை. மல்லூக்தான் தூக்கிப் பிடித்தான்.

"பொருத்தனை நிறைவேறியது!" என்று சக்கூர் அறிவித்தார். பெக்கேர் ஆட்டுக்குட்டியின் கயிற்றை மில்க்காளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவள் விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தெற்கே போகிற சாலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த சேராளுக்கு மிரட்சி போய்விட்டது. உதட்டில் ஒட்டிய தூளைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீயும் வந்து குடும்மா. கால் தேயாது. சாமி இங்க பக்கத்துலதான் இருக்கு."